வரவு எங்கிருந்து வருகிறது?

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு அணித்தே பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பரொருவர் அண்மையில் எம்மிடம் ஒரு முறைப்பாடு கொண்டுவந்தார். அவர் மைந்தன் க. பொ. த. சாதாரண தர வகுப்பிலே கணக்கீடு கற்பவன். பள்ளியிற் கற்ற முறைப்படி கடைக்குப் புதிய பேரேடு ஒன்றை அவனே தொடக்கியிருந்தான். பழைய கடனில் 2,000 ரூபாவை ஒருவர் கட்டியபோது, "அவர் பேரில் வரவு வை" என்றார் தந்தையார். மைந்தனும் வரவிலேதான் வைத்தான். மாத முடிவிற் பார்த்தால் கட்டிய பணம் கடனோடு கூடி நிற்கிறது. 4,000 ரூபா பிழை! வாடிக்கையாளர் சினந்தார். தந்தையார் மைந்தனைக் கடிந்தார். மைந்தனோ பாடநூலை விரித்துக் காட்டினான்.

பிழை யாருடையது? இருவருடையதும் அன்று என்பதே எமது துணிபு.

ஈழத்துப் பாடநூல்களில் பேரேட்டின் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தமிழகத்துப் பாடநூல்களிலோ அதே இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. ஒரு மொழி பேசும் இரு நாட்டு மாணாக்கர்க்கு ஒரே சொல் நேர்மாறான இரு பொருள் தருகிறது. இங்கே ஐந்தொகை எனப்படுவது அங்கே இருப்புநிலைக் குறிப்பு. காசேடு ரொக்க ஏடாகிறது. இவை வேறு சொற்களாதலின் மயக்கம் விளைப்பதில்லை. ஒரே சொல் திசைமாறி நிற்பதுதான் இடர். கொச்சிக்கடைக்கு அயலிலுள்ள செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகளில் அமர்ந்து வட்டித்தொழில் நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாய்ச் சேர்ந்த சிறுவன் பழகியது பற்றுவரவுக் கணக்கே. அவ்வழக்குக் கடைகளில் இன்னும் அழிந்துபடவில்லை.

இதனை விளக்கக் கணக்காசிரியரினும் தமிழாசிரியரே தக்கவர் என்றால் நகைக்க வேண்டா. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே வகுத்துவைத்தார். வரவு என்றால் யாரிடத்து வரவு என்னும் வினா அச்சொல்லினுள்ளேயே கிடக்கிறது. கடைக்காரர் தம்மை இடமாகக் கொண்டு பேசுகிறார். கந்தன் கட்டிய பணம் தம்மிடம் வந்ததால், கந்தன் பேரில் அது வரவு. நம் பாடநூல் ஒவ்வொரு கணக்கையும் தனித்தனி ஆளாக நிறுத்துகிறது. பணம் காசுக் கணக்கினுள் வந்தது, ஆகவே அங்கே வரவு. கந்தன் கணக்கிலிருந்து சென்றது, ஆகவே இங்கே செலவு. இரண்டும் இலக்கணத்துக்கு இயைந்தனவே. நிற்குமிடம் மட்டுமே வேறு. இலத்தீனிலும் இடப்பக்கப் பெயர் கடன்படுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்ததே. 1494இல் வெனிசு நகரில் லூக்கா பாச்சியோலி இரட்டைப் பதிவு முறையை அச்சிட்டு விளக்கியபோதும் வணிகர் வழக்கிலிருந்த முறையைத்தான் எழுதினார்.

நம் வகுப்பறைகளில் நடப்பதோ வேறு. "சொத்து கூடினால் இடம், பொறுப்பு கூடினால் வலம்" என்று மனனம் செய்வித்து, பழைய வினாத்தாள்களைச் செய்வித்துவிட்டால் சித்தி கிடைத்துவிடுகிறது. (செய்யுளையும் நாம் அப்படித்தானே கற்பிக்கிறோம் என்று ஒருவர் கேட்டால் எம்மிடம் விடையில்லை.) ஆயின் தேர்வில் தேறிய பிள்ளைக்குத் தந்தையின் ஏடு விளங்கவில்லை, தந்தைக்குப் பிள்ளையின் ஏடு விளங்கவில்லை. 2022 ஏப்ரலில் அரசே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்திய நாடு இது. அந்நாளில் சொத்து எது, பொறுப்பு எது என்று செய்தித்தாளைப் பார்த்துப் பிரித்தறிய வல்லார் எத்தனை பேர் இருந்தனர்?

கலைச்சொற்களை மாற்றுக என்று நாம் கேட்கவில்லை. மாற்றினால் குழப்பம் இருமடங்காகும். பாடநூலின் முதலியலிலே இவ்விரு வழக்கையும் அருகருகே வைத்து, ஒரே கொடுக்கல்வாங்கலை இருவகையாலும் பதிந்து காட்டுக. முதற் பாடத்துக்கு மாணாக்கர் தத்தம் வீட்டுக் கடன் கொப்பியைக் கொண்டுவரட்டும். அவ்வொரு நாள் தமிழாசிரியரும் அவ்வகுப்பில் இருக்கட்டும்.

நண்பர் கடையிலே இப்போது ஓர் உடன்படிக்கை நிலவுகிறது. "வரவு வை" என்று தந்தையார் சொல்வதில்லை. "கந்தன் தந்தது 2,000" என்கிறார். எந்தப் பக்கம் எழுதுவது என்பது மைந்தன் பாடு.