ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை

குடியை விட்டவனிடம் ஊரே ஒரு வாக்கியம் சொல்லும்: "மனசு வெச்சா முடியும்பா." சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு நாலு மணி டீயை ஒருநாள் தள்ளிப்போட முடியாது, அது வேறு விஷயம். என் கேள்வி இதுதான். மனசு வைக்காமலா ஒருத்தன் கோயிலில் போய் சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிக்கொள்கிறான்? பிள்ளை தலையில் கை வைக்கிறான்? மனசு வைக்காதவன் விடவே போவதில்லை. விட்டுவிட்டு மறுபடி குடிப்பவர்கள் எல்லாருமே ஒருமுறையாவது மனசு வைத்தவர்கள்தான். அப்படியிருக்க அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்? 'நீ தோத்தது உன் தப்பு, எங்களுக்கு இதில் வேலையில்லை' என்று அர்த்தம்.

முதல் மூணு மாசத்தில் சிக்கல் சாயங்காலத்தில் இருக்கிறது. குடி என்பது ஒரு குவாட்டர் மட்டுமா? அஞ்சரைக்கு வேலை முடியும்போதே போன் வந்துவிடும், "எங்க இருக்க?" கட்டிங்குக்கு ஆள் சேர்க்கணும், காசு பிரிக்கணும், வரிசையில் நிற்கணும். அப்புறம் பாரில் இடம், சுண்டல், வாட்டர் பாக்கெட், பழைய முதலாளியைப் பற்றிய அதே கதை, ஒரு சண்டை, ஒரு சமாதானம். வீடு வரும்போது பத்தரை. அஞ்சு மணி நேரத்துக்கு இத்தனை வேலை இருந்தது. குடியை விட்டால் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து அந்த மனுஷன் என்ன செய்வான்? வீட்டுக்கு அந்த நேரத்தில் அவனைப் பழக்கமே இல்லை. பிள்ளைகள் அடுத்த ரூமுக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் வந்தால் மனைவி முதலில் மூச்சைத்தான் கவனிக்கிறாள், அவளைக் குறை சொல்லவும் முடியாது. நண்பர்கள் எல்லாரும் கடையில். டிவியில் ஏதோ ஒரு படத்தில் ஹீரோ பாட்டிலைத் திறக்கிறான்.

இதை நம் ஊர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது, ஆனால் அது என்னவென்று யோசித்ததில்லை. கார்த்திகை பிறந்ததும் மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். வருஷம் முழுக்கக் குடித்தவன் 41 நாள் தொடுவதில்லை. ஐயப்பன் சக்தி என்பார்கள், இருக்கட்டும். நான் பார்ப்பது வேறு. விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல், சாயங்காலம் இன்னொரு குளியல், பூஜை, இன்றைக்கு ஒரு சாமி வீட்டில் பஜனை, நாளைக்கு இன்னொரு வீட்டில். ஊரே "சாமி" என்று கூப்பிடுகிறது. கடைக்குக் கூப்பிடுகிறவனே "மாலை போட்ருக்கியா, சரி சரி" என்று ஒதுங்கிவிடுகிறான். நேரம் நிரம்பியிருக்கிறது, கூட ஆள் இருக்கிறது, மறுப்பதற்கு யாரும் கேள்வி கேட்காத ஒரு காரணமும் இருக்கிறது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிறான். அன்றைக்குச் சாயங்காலமே மறுபடி காலி. அவன் மனசு ஒரே நாளில் பலவீனமாகிவிட்டதா என்ன?

ஏக்கம் வருமே, அதற்கு? வரும். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் அதை அலை என்றார்: எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். எதிர்த்து நிற்காமல், ஓடாமல், அது எழுவதையும் இறங்குவதையும் கவனித்தபடி கடந்துவிடச் சொன்னார். பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். நடுவில் இருப்பவனுக்கு அது தெரியாது, குடித்தால்தான் போகும் என்றே உடம்பு சொல்லும். வயிறு காய்ந்திருந்தால், கோபத்தில் இருந்தால், தனியாக இருந்தால், தூக்கமில்லாமல் இருந்தால் அலை பெரிதாக வரும். அதனால் ஆறு மணிக்கு முன்னாடியே வயிறு நிறையச் சாப்பிடு என்பது கேட்க அற்பமாக இருக்கலாம், ஆனால் வேலை செய்யும். பாக்கெட்டில் கடலை மிட்டாய், கடை இல்லாத தெரு வழியாக வீட்டுக்கு வருவது, சட்டைப்பையில் அதிகக் காசு வைக்காதது எல்லாம் இந்த ரகம்தான்.

1935 மே மாதம், ஓஹியோவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற ஆள் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு சில மாதங்கள்தான். வந்த வியாபாரம் கெட்டுப்போயிருந்தது. அந்தப் பக்கம் பாரிலிருந்து சத்தம். அவர் செய்தது, அங்கே இருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து வரிசையாகப் போன் போட்டது. பேசுவதற்கு இன்னொரு குடிகாரன் வேண்டும் என்று கேட்டார். மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்து மணிக்கணக்கில் பேசினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அங்கிருந்துதான் தொடங்கியது. அன்றைக்கு அவரிடம் இருந்தது ஒரு போன், அதன்பின் பேச ஓர் ஆள், அவ்வளவுதான்.

நடுவில் ஒன்று சொல்லியாக வேண்டும். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் பித்தம் தலைக்கேறியதுபோல் குழப்பம் வரலாம். உயிர்கூடப் போகலாம். மாலை, மிட்டாய் எதுவும் அங்கே உதவாது, ஆஸ்பத்திரிதான். 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று சுவரில் ஒட்டும் பவுடர்களையும் நம்பாதீர்கள். உள்ளே டைசல்பிராம் இருந்து, விஷயம் தெரியாமல் அவர் குடித்தால், உயிருக்கே ஆபத்து.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். 2003லிருந்து சில்லறை மது விற்பனையும் டாஸ்மாக் கையில். பகல் 12 மணியிலிருந்து ராத்திரி 10 மணி வரை அரசாங்கமே கடை திறந்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சின்ன ஊரில், காசு கொடுக்காமல், பக்தி இல்லாமல், ஒரு நடுவயசு ஆண் உட்கார்ந்து பேச வேறு எந்த இடம் திறந்திருக்கிறது? கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றி எல்லாக் கட்சியும் பேசும். குடியை விட்டவனின் ஏழு மணியைப் பற்றி எந்தத் தேர்தல் அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

அரசாங்கத்தை விடுங்கள், நாம் எப்படி? இலக்கியக் கூட்டம் ஏழரைக்கு முடிகிறது. உண்மையான கூட்டம் அதற்குப் பிறகு மொட்டைமாடியில்தான் என்று ஒரு மரபே உண்டு. யார் யாரை எழுதவைப்பது, எந்தக் கையெழுத்துப்பிரதி யாரிடம் போவது எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. குடியை விட்ட எழுத்தாளன் அங்கே போனால் அவன் கையில் இருக்கும் செவன்-அப்பை வைத்தே நாலு ஜோக். போகாவிட்டால் ஆறு மாசத்தில் அவனை மறந்துவிடுவார்கள். இதற்கு மேல் "குடிக்காதவன் என்னத்தை எழுதிடப் போறான்" என்று ஒரு தத்துவம் வேறு. மறுநாள் காலை பத்து மணிக்கு மேசையில் உட்கார்ந்து பக்கத்தை முடிக்க முடியாமல் போன எத்தனை பேரை நாம் மேதைகள் என்று கொண்டாடி அனுப்பிவைத்தோம்! இரங்கல் கட்டுரை மட்டும் நன்றாக எழுதுகிறோம்.

அடுத்த கூட்டம் முடிந்து யாராவது "அப்புறம் எங்க?" என்று கேட்டால் ஒரு ஹோட்டல் பேரைச் சொல்லுங்கள். மொட்டைமாடிக்கு வர முடியாதவனும் சேர்ந்து வருவான். ரவா தோசை சொல்லுங்கள். வர எப்படியும் இருபது நிமிஷம் ஆகும்.