நிரல் அறிந்தவனே பொறியை ஆள்வான்

கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இறங்கும் பேருந்துகளில், திருப்பூர்ப் பின்னலாலைகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் இளைஞர் பலர் உளர். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளிற் பிறந்து, 'மலையாளி' என்னும் பெயரிலேயே மலையின் ஆட்சியைத் தாங்கி நிற்கும் பழங்குடி மக்களின் பிள்ளைகள் அவர்கள். ஆலைக்குள் நுழைந்தபின் அவர்கள் கைக்கு வருவன யாவை? துணியுருளை சுமத்தல், நூற்கண்டு மாற்றல், பஞ்சுத் துகள் பெருக்கல் ஆகியனவே பெரும்பாலும். பொறிக்கு ஆணை எழுதும் இருக்கை அவர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை. கரணியம் அறிவுக் குறைவா? அன்று, அவ்வறிவு அயன்மொழிப் பூட்டுக்குள் கிடப்பதே கரணியம்.

அப்பூட்டுக்குள் இருப்பது யாது என்று பார்த்தால், அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்பது விளங்கும். வட்டப் பின்னற்பொறி ஒன்றை எடுத்துக்கொள்க. 30 அங்குல விட்டமும் அங்குலத்திற்கு 24 ஊசியும் உடைய பொறியின் உருளையில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் நிற்கும். நூல் ஊட்டப்படும் ஒவ்வோர் இடத்திலும் ஓரூசி மூன்று செயல்களுள் ஒன்றையே செய்யும். நூலை வாங்கிப் பழைய கண்ணியினூடே இழுத்துப் புதுக்கண்ணி ஆக்கும். அல்லது பழைய கண்ணியை விடாமலே புதுநூலையும் கொக்கியில் ஏந்தி நிற்கும். அல்லது நூலை வாங்காது வாளா இருக்கும். ஆலையில் இவற்றை நிட்டு, டக்கு, மிசு என்பர். பின்னல், ஏந்தல், விடல் என்று சொல்லிப் பாருங்கள். ஊசியின் செயல் கண்முன் நிற்கும். கண்ணி என்பதோ வலை பின்னுவார்க்கும் பூத்தொடுப்பார்க்கும் என்றும் பழகிய சொல்.

கழுத்துப்பட்டி வைத்த மேற்சட்டைக்குரிய 'பிக்கே' என்னும் துணி எப்படி உருவாகிறது? ஊசிகளை ஒன்றுவிட்டொன்றாக இருவகை ஆக்குவர். முதலாம் நூலில் முதல்வகை பின்னும், மறுவகை ஏந்தும். இரண்டாம் நூலில் எல்லா ஊசிகளும் பின்னும். மூன்றாம் நூலில் முதல்வகை ஏந்தும், மறுவகை பின்னும். நான்காம் நூலில் மீண்டும் எல்லாம் பின்னும். இந்நான்கு வரியே ஒரு சுற்று. பொறியில் நூலூட்டும் இடங்கள் 90 இருப்பின் அதனை நான்கு மிச்சமின்றி வகுக்காது. ஆகவே 88 இடங்களுக்கு நூல் கொடுத்து இரண்டை வெறுமையாக விடவேண்டும். விடாவிடின், உருளையின் ஒவ்வொரு சுழற்சியிலும் வரிசை முறிந்து துணியின் குறுக்கே பட்டை விழும். ஓரூசி இடையிற் பின்னாமல் மேன்மேலும் ஏந்திக்கொண்டே போனாலோ, கொக்கியில் நூல் மிகுந்து கண்ணி அறுந்து துளை விழும்.

வட்டப்பொறியில் இவ்வரிசையை எஃகுத் துண்டுகளை மாற்றி அமைப்பர். கழுத்துப்பட்டி பின்னும் தட்டைப்பொறியில் அதனையே கணினித் திரையில் வரி வரியாக எழுதுவர். ஊசிகளை இயக்கும் வண்டி எப்பக்கம் செல்வது, எந்த நூலேந்தி உடன் செல்வது, எவ்வூசிகள் பின்னுவன, கண்ணியின் நீளம் எவ்வளவு என்பன ஒவ்வொரு வரியிலும் இடம்பெறும். ஒரேவகைப் பின்னல் 10 வரி வேண்டுமாயின், இரண்டு வரி எழுதி ஐந்து முறை மீள்க என்றாற் போதும். ஒரு பட்டி முடிந்ததும் பிரிநூல் வரி ஒன்று இடவேண்டும். மறந்தால் பட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டியே வரும். இவ்வாணை வரிசையை ஆலையில் புரோகிராம் என்பர். தமிழில் அது நிரல்.

நிரல் என்பது தமிழர்க்குப் புதிய கருத்தா? பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரியவற்றை அதே வரிசையிலும் நிறுத்தி, உரியதை உரியதோடு சேர்த்துப் பொருள்கொள்ளும் முறையைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் நிரல்நிறை என்று வகுத்துரைத்தது. இடம் மாறினால் பொருள் கெடும் என்பது அங்கு நெறி. இடம் மாறினால் துணி கெடும் என்பது இங்கு நெறி. தொல்காப்பியர் பின்னற்பொறி கண்டார் என்று கூறுவது வெற்றுப் பெருமை. இந்நுட்பத்தைச் சொல்லும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பதே உண்மைப் பெருமை.

உலக வணிகத்திற்கு ஆங்கிலமே வேண்டும் என்பார் உளர். முதற் பின்னற்பொறியை 1589-இல் அமைத்த வில்லியம் லீ ஆங்கிலர்தாம். ஆயினும் துளையட்டைகளால் தறிக்கு ஆணையிடும் முறையை 1804-இல் செப்பஞ்செய்த சாக்கார்டு பிரெஞ்சியர். தட்டைப்பொறிக்குப் பெயர்பெற்ற இசுட்டோல் 1873-இல் செருமனியிலும், சிமா சேக்கி 1962-இல் சப்பானிலும் தோன்றின. அவர்கள் தத்தம் தாய்மொழியில் எண்ணியன்றோ உலகிற்குப் பொறி விற்றனர்? வாங்குவோர் மடலை ஆங்கிலத்தில் படிக்கலாம். ஊசி ஏன் ஏந்துகிறது என்பதை உணர்வது தாய்மொழியிலேதான்.

பழி முழுவதையும் பிறர்மேற் சுமத்துவதும் முறையன்று. ஆலையைப் பாராது அறையில் அமர்ந்து ஆக்கிய சொற்கள் அகரமுதலியிலேயே உறங்குகின்றன. சொல்லாக்குவோர் பொறியின் முன் ஒருநாளேனும் நிற்கவேண்டும். தேர்ந்த பொறிவினைஞரும் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து, நிரல் எழுதும் முறையைப் படங்களோடு விளக்கும் கைந்நூலை ஆக்கவேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் அதனைப் பாடமாக்குக. பொறி வாங்கும் திருப்பூர் முதலாளிமார் திரையில் தமிழும் வேண்டும் என்று விற்போரிடம் கேட்பாராக. 1991 முதல் ஒருங்குறியில் தமிழெழுத்து உண்டு. 1999-இல் தமிழ் 99 விசைப்பலகையும் வந்துவிட்டது. தடை பொறியிடம் இல்லை. கேளாத வாயிடமே உள்ளது.

ஓரி விடுத்த ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவியதைப் புறநானூற்றில் வன்பரணர் பாடினார். ஒருமுறை எழுதிய நிரல் ஈராயிரம் ஊசிகளையும் ஏவி நிற்பதும் அத்தகைய வன்மையே. ஓரியின் மலையினின்று இறங்கும் இளைஞன் துணியுருளை சுமந்தே வாழ்நாளைக் கழிக்க வேண்டுமா? அவன் கையில் அவன் மொழியிலேயே நிரலைக் கொடுங்கள்; பொறி அவன் சொற் கேட்கும்.