பேருந்தில் ஏற்றிவிட்டால் போதாது

1963இல் லண்டனின் மேற்கே உள்ள சவுத்தாலில் வெள்ளைக்காரப் பெற்றோர் ஒரு குறையுடன் திரண்டார்கள். பள்ளியில் பஞ்சாபிப் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், தங்கள் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்பது அவர்கள் முறையீடு. கல்வி அமைச்சர் எட்வர்டு பாயில் நேரில் வந்து கேட்டார். எந்தப் பள்ளியிலும் குடியேறியோர் பிள்ளைகள் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னார். 1965இல் வந்த 7/65 சுற்றறிக்கை, மூன்றில் ஒரு பங்கு என்று வரம்பு வகுத்தது. சவுத்தாலை உள்ளடக்கிய ஈலிங்கும் பிராட்ஃபோர்டும், வரம்பை மீறிய பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றித் தொலைவில் உள்ள பள்ளிகளுக்கு அனுப்பி அதை நடைமுறைப்படுத்தின, பர்மிங்காம் ஏற்கவில்லை.

ஆங்கிலம் கற்கவும் கலந்து பழகவும் உதவும் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆனால் பேருந்து ஒரு திசையில்தான் ஓடியது. வெள்ளைக்காரப் பிள்ளை எவரும் சவுத்தாலுக்கு அனுப்பப்படவில்லை. சரளமாக ஆங்கிலம் பேசிய பிள்ளைகளும் ஏற்றப்பட்டார்கள். ஆக, யாரை ஏற்றுவது என்பதை முடிவு செய்தது மொழியறிவு அல்ல, நிறமும் பூர்வீகமும்தான். மணி அடித்ததும் பேருந்து கிளம்பிவிடும் என்பதால் மாலை விளையாட்டும் நட்பும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் ஓடிவர முடியாத தூரத்தில் பள்ளி இருந்தது. எதிர்ப்பு வலுத்து, இன உறவு வாரியமும் தலையிட்ட பின், 1980ஐ ஒட்டி இந்த முறை கைவிடப்பட்டது.

அமெரிக்காவிலும் பிள்ளைகள் பேருந்தில் ஏறினார்கள். அங்கே அது, 1954இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்த, பள்ளிகளில் நிலவிய நிறப் பிரிவினையை வேரறுக்க நீதிமன்றங்கள் கையிலெடுத்த வழி. இங்கிலாந்திலோ பெரும்பான்மையினரின் அச்சத்தைத் தணிக்கும் வழியாகவே அது தொடங்கியது. பிள்ளைகளைப் பிரித்து வைப்பதை நாம் ஏற்கவே முடியாது. அதற்காக, சேர்ந்து படிப்பதன் சுமை முழுவதையும் குடியேறிய பிள்ளையின் தலையில் ஏற்றுவதும் நீதியாகாது. மொழி கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரும், தாய்மொழி அறிந்த உதவியாளரும் அந்தப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கே வர வேண்டும்.

இது நம் வகுப்பறைகளுக்கும் பொருந்தும். இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இன்று நம் முன்னே அமர்ந்திருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்க இடமில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதியதோடு நம் கடமை முடிவதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கற்றுத்தர நாள்தோறும் நேரம் ஒதுக்குங்கள். அதற்கான ஆசிரியரைக் கல்வித் துறையிடம் கேட்டுப் பெறுங்கள்.