ஓய்வு வேளை: குரோஷாவில் முதற் பின்னல்



நாகபுரியில் வாழும் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் இம்மாதம் எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது: "திருநெல்வேலியிலிருந்து என் அத்தையை அழைத்து வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. நாங்கள் இருவரும் அலுவலகம் சென்றுவிடுகிறோம். குழந்தைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அண்டை வீட்டார் பேசும் மராத்தி அவருக்கு விளங்குவதில்லை. 'என்னை ஊரிலேயே கொண்டுபோய் விட்டுவிடு அம்மா' என்கிறார். அவருக்குப் பொழுது போக ஏதேனும் வழி உண்டா?"

இத்தகைய முதியோர் நம் குடும்பங்கள் பலவற்றிலும் இருக்கிறார்கள். ஊரில் நெல் புடைத்து, வடகம் பிழிந்து, பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கியவர்கள், இங்கே அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில் சன்னலருகே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பொழுது மட்டுமன்று. கைக்கு ஒரு வேலையும், அவ்வேலையால் வீட்டிற்கு ஒரு பயனும் வேண்டும். ஆதலால் இம்மாதம் குரோஷா என்னும் கொக்கிப் பின்னலில் முதற்பாடத்தை எழுத முற்படுகிறேன். ஆண்பிள்ளைக்கு இது எதற்கு என்று சில நண்பர்கள் நகைக்கக்கூடும். கடற்கரையில் வலை பின்னுவோரிலும் தறியில் அமர்வோரிலும் ஆண்கள் பலர் உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்டி, மேலே செல்கிறேன்.

குரோஷா என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல். முனையில் கொக்கி வைத்த ஊசி ஒன்றும், நூலுண்டை ஒன்றும் இருந்தால் போதும். ஸ்வெட்டர் பின்னும்போது ஊசி நிறைய வளையங்கள் ஏறியிருக்கும். ஒன்று நழுவினால் கீழ்வரை இழை பிரிந்து ஓடும். குரோஷாவிலோ எந்நேரமும் ஊசியில் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு வளையந்தான். அடுப்பில் பால் பொங்கினாலும், பேரக் குழந்தை அழைத்தாலும், அந்த வளையத்தைச் சற்று நீளமாக இழுத்துவிட்டு எழுந்து போகலாம். தவறிப் பின்னிவிட்டால் நூலைப் பிடித்து இழுத்தால் போதும். பின்னியது பிரிந்து மீண்டும் நூலாகிவிடும். நஷ்டம் ஒன்றுமில்லை. புதிதாகக் கற்கும் முதியவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான கைவேலை அரிது.

முதலில் செய்யத்தக்க பொருள், காபி டபராவின் அடியில் வைப்பதற்கான சிறு சதுர விரிப்பு. இதற்கு நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள ஊசியும், அதற்கேற்ற தடித்த பருத்தி நூல் ஐம்பது கிராமும் வாங்குக. இதவாரிக் கடைத்தெருவில் இரண்டும் கேட்டுப் பெறலாம். நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் பின்னலின் கண்கள் தெரியமாட்டா. அக்ரிலிக் நூல் இதற்கு உதவாது. மிகுந்த சூட்டில் அது உருகும். கடையில் காட்டும் மெல்லிய லேஸ் நூலும் மெல்லிய எஃகு ஊசியும் கை பழகிய பிறகு வாங்க வேண்டியவை.

முதற்படி, சுருக்கு முடிச்சு. நூலின் முனையில் ஒரு சாண் விட்டு, நூலை ஒரு வளையமாக மடித்து, உண்டையின் பக்கத்து நூலை அதனுள்ளிருந்து வெளியே இழுத்தால் சுருக்கு விழும். அதை ஊசியில் மாட்டி, ஊசியின் தண்டை ஒட்டுமளவு இறுக்குக. வலக்கையில் ஊசியைப் பென்சில் பிடிப்பதுபோல் பிடித்து, இடக்கை ஆள்காட்டி விரலின்மேல் நூலை ஓடவிட்டு, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் முடிச்சைப் பற்றிக்கொள்க. இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் இவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி, சங்கிலி. நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றி, கொக்கியால் பிடித்து, ஊசியிலுள்ள வளையத்தின் வழியே இழுத்தால் ஒரு கண்ணி ஆயிற்று. இவ்வாறு பதினேழு கண்ணிகள் போடுக. சிறு பெண்ணின் சடைபோல் அது நீண்டு வரும். ஊசியில் நிற்கும் வளையத்தைக் கண்ணியாக எண்ணலாகாது. இறுக்கிப் போட்டால் ஊசி மீண்டும் நுழையாது, தளர்வாகவே இருக்கட்டும்.

மூன்றாம் படியே பாடத்தின் உயிர். இதற்கு ஒற்றைப் பின்னல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஊசிக்கு அடுத்துள்ள முதற் கண்ணியை விட்டுவிட்டு, இரண்டாவது கண்ணியில் ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி அக்கண்ணியின் வழியே இழுக்கவும். இப்பொழுது ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும். மறுமுறை நூலைச் சுற்றி, இரண்டின் வழியேயும் ஒருங்கே இழுக்கவும். ஒரே வளையம் மிஞ்சும். ஒரு பின்னல் முடிந்தது. அடுத்தடுத்த கண்ணிகளிலும் இவ்வாறே செய்து வந்தால், வரிசையின் முடிவில் பதினாறு பின்னல்கள் இருக்கவேண்டும்.

பிறகு ஒரு கண்ணி மட்டும் போட்டு, புத்தகத்தின் ஏட்டைப் புரட்டுவதுபோல் துணியைத் திருப்புக. இக்கண்ணி உயரத்துக்காகப் போடுவது, கணக்கில் சேராது. ஒவ்வொரு பின்னலின் தலையிலும் சடைபோல் இரண்டு இழைகள் தெரியும். இரண்டுக்கும் அடியில் ஊசியை நுழைத்து, முதற் பின்னலிலிருந்தே தொடங்கி மீண்டும் பதினாறு பின்னுக. ஏறக்குறைய பதினெட்டு வரிசைகள் ஆனதும் துணியை மூலைக்கு மூலை மடித்துப் பார்க்கவும். ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் சதுரம் அமைந்துவிட்டது. பொருந்தாவிடில் ஒன்றிரண்டு வரிசை கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். பக்கம் சுமார் பத்து சென்டிமீட்டர் இருக்கும். பின் ஒரு சாண் விட்டு நூலை நறுக்கி, அதைக் கடைசி வளையத்தினுள் முழுதும் இழுத்து முடிந்து, இரண்டு வால்களையும் மழுங்கிய ஊசியால் பின்னல்களுக்குள் ஓட்டி மறைத்துவிடுக.

துணி வரவரக் குறுகினால், வரிசையின் கடைசிப் பின்னல் விட்டுப்போகிறது என்று பொருள். அது சற்று ஒளிந்தே நிற்கும். வரவர விரிந்தால், ஓரத்தில் ஒரே பின்னலில் இருமுறை ஊசி நுழைகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு வரிசையின் முதற் பின்னலிலும் ஒரு ஊக்கைக் குத்திவைத்து, முடிவில் பதினாறு என்று எண்ணிப் பார்ப்பது.

புத்தகமோ, கைபேசியில் படமோ பார்த்துக் கற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் மேலே விவரித்த இதே பின்னலை அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பர். ஆங்கிலேயர் 'டபிள் குரோஷே' என்பர். பெயரை மட்டும் நம்பினால் குழப்பமே மிஞ்சும். ஊசியில் எத்தனை வளையம் நிற்கிறது, எத்தனை முறை நூல் இழுபடுகிறது என்பதைக் கவனித்தால் ஐயம் தீரும்.

மராத்தியில் இதற்கு வழங்கும் பெயர் இன்னும் சுவையானது. சங்கிலியை 'சாகளி' என்கிறார்கள். நம் சொல்லுக்கு எத்துணை நெருக்கம் பாருங்கள். ஒற்றைப் பின்னலை 'முகா காம்ப்' என்பர். ஊமைத் தூண் என்று பொருள். இங்குள்ள மராத்திய வீடுகள் பலவற்றில் வாசற்படித் தோரணமும் மேசை விரிப்பும் குரோஷாவில் பின்னியவையே. ஆகவே, கடிதம் எழுதிய சகோதரி ஒரு காரியம் செய்யலாம். அத்தை நூலும் ஊசியுமாக மாடிப்படியருகே நாலு நாள் உட்காரட்டும். பக்கத்து வீட்டு அம்மாள் 'ஆஜி' என்று அழைத்து அருகில் வந்து அமர்வது நிகழக்கூடியதே. பின்னலைத் திருத்திக் காட்டுவதற்கு மொழி வேண்டுவதில்லை. விரல் காட்டினால் போதும். சாகளியில் தொடங்கும் பேச்சு நாளடைவில் சமையல், மருமகள், மூட்டுவலி என்று வளராமல் போகாது.

கணக்கு எழுதிப் பழகிய ரயில்வே குமாஸ்தாவாகையால், இறுதியாக ஒரு கணக்கையும் உங்கள்முன் வைக்கிறேன். பதினாறு பின்னல், பதினெட்டு வரிசை. ஆக 288 பின்னல்கள். ஒன்றுக்குப் பத்து விநாடி என்று வைத்தால் ஒரு சதுரத்துக்கு 48 நிமிடம். நீளமும் அகலமும் ஒரு மீட்டர் உள்ள மேசை விரிப்பில் இத்தகைய சதுரங்கள் நூறு அடங்கும். அதற்கு 80 மணி நேரம். இது தடித்த நூலுக்கான கணக்கு. மெல்லிய லேஸ் நூலானால் பின்னல்களின் எண்ணிக்கை பன்மடங்காகும்.

ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் நரசாபுரம் என்னும் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பாதிரிமார் குடும்பங்கள் கோதாவரி வட்டாரத்தில் கற்பித்த இக்கலையால், அங்கும் சுற்றுக் கிராமங்களிலும் பெண்கள் வீட்டிலிருந்தபடியே லேஸ் பின்னி வெளிநாடுகளுக்கு அனுப்பும் பெருந்தொழில் வளர்ந்தது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அப்பெண்களைப் பற்றி 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு வேளையில் செய்வது என்று கருதியே அவ்வுழைப்புக்கு அற்பக் கூலி கொடுக்கப்பட்டது என்பது அந்நூலின் முக்கியமான கருத்து. அவ்வூர்ப் பின்னலுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிட்டியது. குரோஷாவைப்போல் தோன்றும் துணியை இயந்திரங்கள் பின்னுகின்றன. அசல் குரோஷா இன்றும் கையால் ஆவதே. எனவே கடைத்தெருவிலோ பிளாட்பாரத்திலோ இத்தகைய விரிப்பைக் கண்டு பேரம் பேசுமுன், அந்த 80 மணி நேரத்தை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு சதுரம் பின்னிய கை பிறகு அதிகம் பேரம் பேசாது.

இக்கணக்கு நம் வீட்டு முதியோர்க்கும் பொருந்தும். அத்தை பின்னியதை "அழகாயிருக்கிறது" என்று சொல்லிக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்துவிடாதீர்கள். அன்றாடம் டபராவின் அடியில் வையுங்கள், கறை படியட்டும், துவைத்துக் காயப்போடுங்கள். நைந்து போனால், "அத்தை, இன்னும் நான்கு வேண்டும், விருந்தினர் வருகிறார்கள்" என்று கேளுங்கள். தம் கையை எதிர்பார்த்து ஒரு வீடு இருக்கிறது என்று அறிந்தவர், ஊருக்குக் கொண்டுபோய் விடும்படி கேட்பதற்குமுன் சற்று யோசிப்பார் என்பது என் நம்பிக்கை.

அடுத்த இதழில் இச்சதுரங்கள் நான்கை இணைத்துப் பாத்திரம் இறக்கும் பிடிதுணி செய்வது எப்படி என்பதைப் பார்ப்போம். அதற்குள் பதினாறை எண்ணிப் பழகி வையுங்கள்.