எண்ணெயா, கிரீஸா?

உங்கள் வீட்டில் பழைய மோட்டார் கார் ஏதாவது இருக்கிறதா, சகோதரி? இருந்தால் உங்களுக்கு என் அனுதாபம். கூடவே என் வாழ்த்தும்! இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கிவிடும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966-ஆம் வருஷத்து வண்டி. என் மாமனார் அதை 1979-ல் பழைய வண்டியாக வாங்கினார். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. வண்டி மட்டும் போர்ட்டிகோவில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. "காயலான் கடையில் போட்டால் இடமாவது மிச்சமாகும்" என்று என் கணவர் மாதத்துக்கு ஒரு தடவை சொல்வார். அத்தை வாய் திறக்க மாட்டார். மெல்ல எழுந்து போய், ஒரு துணியை எடுத்து, வண்டியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருவார். அதுதான் பதில்.

ஹெரால்டின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதன் பிறந்த வீடு இங்கிலாந்து. கோவென்ட்ரி நகரத்துக் கம்பெனி 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்று அதை வெளியிட்டது. உருவத்தை வரைந்து கொடுத்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையிலேயே தயாராகி, 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று பெயர் மாற்றிக்கொண்டு, நம் ஊர் மருமகளாகிவிட்டது. 1970-களில் உற்பத்தி நின்றது. பிறகு கம்பெனியும் இல்லாமல் போயிற்று. ஆகையால் இன்றைக்கு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சமாவது தாங்களே வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் ஆகவேண்டும்.

அதற்குத் தோதான வண்டிதான் அது. மற்ற கார்களில் இஞ்சினைப் பார்ப்பது, இருட்டு அலமாரிக்குள் தலையை விட்டு ஊசியைத் தேடுகிற மாதிரி. ஹெரால்டில் பானெட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன் டயர்மேல், மணையில் உட்கார்ந்து காய் நறுக்குவது போல், உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். பிளக்கைக் கழற்றித் துடைத்து 25 'தௌ' இடைவெளி வைப்பது, பாயிண்டுக்கு 15 'தௌ' வைப்பது எல்லாம் நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். 'தௌ' என்றால் பயந்துவிடாதீர்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளந்து பார்க்க மெல்லிய தகடுகள் கோத்த 'பீலர் கேஜ்' கடையில் கிடைக்கும்.

ஹெரால்டுக்கு இன்னொரு பெருமை உண்டு. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் சந்துகளில் அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படித் திரும்புகிற முன் சக்கரத்துக்கு அடியில்தான் விஷயமே இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அந்த மரை ஒரு பித்தளை முட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். இங்கிலீஷில் அதற்கு 'டிரன்னியன்' என்று பெயர். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை முட்டிக்குள் திரும்புகிறது. வண்டியின் முன்பாரமும் அங்கேதான் வந்து நிற்கிறது. அந்த முட்டிக்குக் கொடுக்கவேண்டிய ஆகாரம், கியர் எண்ணெய். கிரீஸ் அல்ல!

மாமனாருக்கு இது மனப்பாடம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வேலை நடக்குமாம். அவர் தரையில் படுத்திருப்பார். அத்தை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் விளக்குப் பிடிப்பார். நாற்பது வருஷம் பிடித்த விளக்கு அது.

அவர் போன மறுவருஷம் மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்தார். நல்ல மனிதர். முட்டியில் இருந்த நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னை எடுத்தார். நிப்பிள் என்றால் கிரீஸ் என்பதுதான் அவர் தொழிலில் படித்த பாடம்.

"அதுக்கு எண்ணெய்தாம்பா போடுவார்" என்றார் அத்தை, வாசற்படியில் நின்றபடி.

"எண்ணெய் ஒழுகிப்போயிரும்மா. கிரீஸ்தான் நிற்கும்" என்றார் அவர்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவருக்குத் தெரியாதா அத்தை? தினமும் இதே வேலைதானே அவருக்கு?" அத்தை உள்ளே போய்விட்டார்.

போன வருஷம் ஐப்பசி. கோவிலுக்குப் போய்விட்டு அத்தையும் நானும் திரும்பி வந்தோம். கேட்டுக்குள் நுழைய, நடக்கிற வேகத்தில் ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பினேன். 'மடக்' என்று ஒரு சப்தம். வண்டியின் இடது முன்பக்கம் மண்டியிட்ட யானை மாதிரி உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால், சக்கரம் மடங்கி அடியில் கிடந்தது. எங்களுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் பத்து நிமிஷத்துக்கு முன்புதான் லாரிகளுக்கு நடுவே வந்திருந்தோம். அதை நினைத்தபோது என் கை நடுங்கியது.

தண்டைக் கழற்றிப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. கிரீஸ் மேலேயே இறுகிப்போய், கீழ் மரைக்குப் போகவே இல்லை. அங்கே மழைத் தண்ணீர் இறங்கி, துருப்பிடித்து, இரும்பை அரித்து, கடைசியில் முறித்துவிட்டது.

அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரண்மேலிருந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து வரச்சொன்னார். பிரித்தால், ஓர் எண்ணெய்க் கன்! அதன் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் மாமனார் கையெழுத்து: 'எண்ணெய் மட்டும்'.

இங்கிலாந்தில் இந்த வண்டிகளைக் குழந்தை மாதிரி வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் உதிரி பாகங்கள் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் வரவழைத்தோம். இடதுக்கு வலது பொருந்தாது, கவனித்து வாங்கவேண்டும். மாட்டிக் கொடுத்தவர் அதே மெக்கானிக்தான். இந்தத் தடவை எல்லாவற்றையும் அத்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்தார்.

உங்கள் வீட்டிலும் ஹெரால்டு இருந்தால் முறையைக் குறித்துக்கொள்ளுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். ஜாக்கியால் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு வைத்துவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட விடவேண்டாம். செங்கல்லை அடுக்கவே வேண்டாம். பாரம் தாங்காமல் நொறுங்கும். முட்டியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, நிப்பிள் வழியாக 90 நம்பர் கியர் எண்ணெயை அடியுங்கள். நிப்பிள் இல்லாமல் திருகாணி இருந்தால் அதைக் கழற்றி, நிப்பிளை மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் கறுப்பாக, அழுக்காக வரும். மேலே சுத்தமான எண்ணெய் கசிகிற வரைக்கும் விடாதீர்கள். பிறகு துடைத்துவிட்டு அடுத்த பக்கம் போகலாம். எவ்வளவு அடித்தாலும் மேலே எண்ணெய் வரவில்லையென்றால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். முட்டியைக் கழற்றிப் பார்த்தே தீரவேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலை.

பெட்ரோல் ரப்பர் குழாயையும் அப்படியே தடவிப் பாருங்கள். இந்தக் காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் உடனே மாற்றுங்கள். பெட்ரோல் நாற்றம் அடித்தால் சாவியைத் தொடவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: இத்தனை வருஷம் விளக்குப் பிடித்தவர் வீட்டில் யார் என்று விசாரியுங்கள். அவர் வண்டி ஓட்டத் தெரியாதவராக இருக்கலாம். கேட்டால்தான் சொல்லுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மறுபடியும் எண்ணெய் போட்டோம். அத்தையால் இப்போது குந்தி உட்கார முடியாது. முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கன்னை அவர்தான் பிடித்தார். தரையில் படுத்து டார்ச் பிடித்தது நான். துணியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் என் கணவர். காயலான் கடைப் பேச்சை அவர் எடுத்து ரொம்ப நாளாகிறது.