கரையில் நின்றவர்கள் அல்லர்

"கடலோடியவர்கள் கிரேக்கர்கள், தமிழர் கரையில் நின்று மிளகு விற்றவர்கள். கடலே இல்லாத பொம்மிடியில் இந்தப் பேச்சு எதற்கு?" என்று கேட்கிறார் நண்பர். இரண்டையும் மறுக்கிறேன்.

அவர் சான்று காட்டும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளஸே, நம் கரையிலிருந்து கங்கைக்கும் பொன்நாடு எனப்பட்ட தென்கிழக்காசியப் பகுதிக்கும் சென்ற பெருங்கலங்களைக் குறிப்பிடுகிறது. எகிப்தின் குசைர் அல் காதிம் துறைமுகத்தில் கண்ணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. தமிழர் பயண நூல் எழுதவில்லை என்பதற்காகப் பயணமே போகவில்லை என்றாகிவிடாது.

பொம்மிடியைப் போலவே, பழந்தமிழ் ஊரான கொடுமணலும் கடற்கரை ஊரன்று. அங்கேதான் கல்மணிப் பட்டறைகள் அகழாய்வில் வெளிப்பட்டன. கலம் ஏறிய சரக்கில் உள்நாட்டு உழைப்பு இருந்தது. பொம்மிடிப் பிள்ளைகளுக்கும் அந்த வரலாறு சொந்தம். அதை மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள்.