கருவிக்கு மாற்று உண்டு, உறுப்புக்கு இல்லை

தனுவச்சபுரத்திலும் பாறசாலையிலும் வாழும் நம்மவர் பலருக்குச் சைக்கிள் இன்றும் குடும்பத்தில் ஓர் ஆளைப் போன்றது. காலை இரயிலைப் பிடிக்கவும், களியக்காவிளைச் சந்தைக்குச் சென்று வரவும் அதனையே நம்புகிறோம். அது பழுதாவதோ பெரும்பாலும் கடை திறவாத வேளையில்தான். பஞ்சர் ஒட்ட அறிந்தவர்கள்கூட, தனிக் கருவி வேண்டும் பழுது நேர்ந்தால் கைகட்டி நின்றுவிடுகிறார்கள். அத்தகைய பழுதுகளுக்கு வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே கருவி அமைத்துக்கொள்ளும் வகையை இம்மாதம் காண்போம்.

முதலாவது காட்டர் பின். பெடலைத் தாங்கும் கிராங்கினை நடு அச்சுடன் இறுக்கிப் பிடிப்பது ஆப்பு வடிவான இச்சிறு முளையே. இது தேய்ந்தால் மிதிக்கும்போது ஒரு நழுவல் தோன்றும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் பிள்ளை விழுந்து அடிபட அந்த நழுவல் ஒன்றே போதும். ஆதலின் இதனை நாளைக்கு என்று ஒத்திவைத்தல் ஆகாது.

பின்னைக் கழற்றப் பலரும் சுத்தியால் வெறுமனே அடிக்கிறார்கள். அந்த அடி அச்சின் வழியே சென்று, உள்ளிருக்கும் எஃகுக் குண்டுகள் உருளும் தடத்தைக் குழியாக்கிவிடும். பின் கழலாது, அச்சுத்தான் கெடும். இதற்கு வேண்டிய கருவி ஓர் இரும்புக் குழாய்த் துண்டு. அதன் வாய் பின்னின் தலையைவிடச் சற்று அகலமாகவும், நீளம் தரையிலிருந்து கிராங்கு வரை எட்டுவதாகவும் இருத்தல் வேண்டும். முந்தின இரவே சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடுக. மறுநாள் நட்டு மேற்புறம் வருமாறு கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, அடியில் குழாயை முட்டுக் கொடுக்க. நட்டை முழுதும் கழற்றாமல், மரையின் நுனிக்குச் சமமாக நிற்கும் அளவு தளர்த்தினால் மரை சிதையாது. பிறகு உறுதியாக ஓரடி. பத்து மெல்லிய அடிகளைவிட அது நன்று.

அடியில் வைக்கக் கருங்கல் தரை போதும். அம்மியைத் தேடிச் சென்று வீட்டில் வழக்கை வளர்க்க வேண்டா. தண்டவாளத் துண்டு அருமையான பட்டடைதான். எனினும் இரயில்வே ஊழியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: இரயில்வே உடைமையை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

அடுத்து, முன்கவையைத் தாங்கும் தலைக்குழாயின் கிண்ணங்கள். இவற்றைச் சுத்தியால் தட்டி ஏற்றினால் கோணிக்கொள்ளும். ஒரு நீண்ட போல்ட்டைக் குழாயினுள் செலுத்தி, இரு முனையிலும் துளையிட்ட கட்டையும் தடித்த வாஷரும் வைத்து, நட்டை மெல்ல முறுக்குக. கிண்ணம் நேராக உட்செல்லும்.

டயரை நெம்பத் திருப்புளி ஆகாது, டியூபைக் கிழிக்கும். விளிம்பு மழுங்கிய கரண்டிக்காம்பு நன்று. பெடல் இறுகியிருப்பின் ஸ்பேனரின் காம்பில் ஒரு குழாயை மாட்டி நீட்டிக்கொள்க. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்க: வலப் பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும், இடப் பெடலோ வலஞ்சுழியாகவே கழலும். இதனை அறியாமல் பலம் காட்டிக் கிராங்கின் மரையை அழித்தவர் பலர்.

இவ்வாறு கருவி சமைப்பது இழிவன்று. அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள், 1901-இல் இறக்கை வடிவங்களைச் சோதிக்கும் நுண்ணிய அளவுகோலைச் சைக்கிள் கம்பிகளையும் பழைய இரம்பத் தகடுகளையும் கொண்டே அமைத்தார்கள். 1903-இல் அவர்கள் வானில் பறந்ததற்கு அந்த அளவுகள் பெரிதும் துணைநின்றன.

ஆயினும் ஓர் எல்லை உண்டு. கருவி எதனால் ஆயினும் ஆகலாம், ஏனெனில் வேலை முடிந்ததும் அது வண்டியை விட்டு நீங்கிவிடுகிறது. உறுப்போ வண்டியிலேயே நின்று நம் உயிரைத் தாங்குகிறது. காட்டர் பின்னுக்கு ஈடாக ஆணியும், பிரேக் கம்பிக்கு ஈடாகக் கட்டுக்கம்பியும் மாட்டுவது கைத்திறன் அன்று, ஆபத்து. காட்டர் பின் இல்லாத புதுவகைக் கிராங்குகளுக்கும் சுத்தி உதவாது. அவற்றை மரையிட்டு இழுக்கும் கருவியுள்ள கடையிலேயே கொடுத்துவிடுக.

காட்டர் பின்கள் எல்லாம் ஒரே பருமன் உடையன அல்ல. 9 மில்லிமீட்டரும் உண்டு, 9.5 மில்லிமீட்டரும் உண்டு. பழைய பின்னை மாதிரியாக எடுத்துச் சென்று வாங்குக. புதிதாக மாட்டியபின் இரண்டு மைல் ஓட்டிவிட்டு நட்டை மீண்டும் ஒருமுறை இறுக்குக. அதன் பின்னரே பிள்ளையின் கையில் வண்டியைக் கொடுக்கலாம்.